மூன்றாவது பெட்டி

புஷ்பம் தூங்கிவிட்டாள் என்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவான் கிளமென்ட். கட்டில் ஒருமுறை முனகும், மின்விசிறி ஒரு படி வேகம் கூடும், அப்புறம் ஒன்றும் இருக்காது, அந்த ஒன்றுமில்லாததுதான் தூக்கம். ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து, குளித்து, இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுக்கிறவளைச் சாயங்காலம் வரை எழுப்பக் கூடாது, எழுப்பினால் ராத்திரி வார்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், அந்தச் சிரிப்பில் பாதி மிரட்டல். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட பெரிய வித்தை கிட்டார் வாசிப்பதல்ல, சத்தம் போடாமல் கிட்டார் வாசிப்பது. வேடிக்கை என்னவென்றால், போன மாதம் ஆடித் திருவிழாவுக்குத் தெருமுனை அம்மன் கோவிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஜன்னல் கண்ணாடியையே அதிரவைத்தபோதும் அவள் அசையாமல் தூங்கினாள். இவன் கூடத்தில் ஒரு கம்பியை லேசாகத் தட்டினால் போதும், விழித்துக்கொள்வாள். கேட்டால், அது ஊர்ச் சத்தம், இது வீட்டுச் சத்தம் என்பாள். அதற்குமேல் அவளிடம் வாதாட அவனுக்குத் தெம்பு கிடையாது. பெரம்பூரில், மூன்றாவது மாடியில், திரை போட்ட கூடத்தின் தண்ணீர் நிற வெளிச்சத்தில், மேஜைமேல் புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. நேற்று பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது. மூன்றாவது பெட்டி. முதல் பெட்டி வந்த நாளிலேயே புஷ்பம் அதற்கு அமுக்குப் பெட்டி என்று பேர் வைத்துவிட்டாள், அதன்பிறகு வந்ததெல்லாம் அமுக்குப் பெட்டிதான், கிட்டார்காரர்கள் அதை அட்டெனுவேட்டர் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் அவன் ஆம்ப் வால்வு ஆம்ப், உள்ளே கண்ணாடிக் குழாய்கள் எரிகிற பழைய ஜாதி, அது ஒரு விசித்திரப் பிறவி. வால்யூமைக் குறைத்து வைத்தால் அரைவேக்காடாகப் பேசும். திருகை முக்கால்வாசிக்குமேல் கொண்டுபோய், குழாய்கள் மூச்சு வாங்க ஆரம்பித்தால்தான் அந்தத் தடித்த, இனித்த, ஓரத்தில் லேசாகக் கிழிந்த சத்தம் வரும், கல் காய்ந்தால்தான் தோசை என்கிற மாதிரி. ஆனால் அந்தக் கல் காயும்போது மூன்று தெரு எழுந்து உட்காரும். அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற பலத்தையெல்லாம் சூடாக விழுங்கிவிட்டு, கொஞ்சமே கொஞ்சம் சத்தத்தை மட்டும் அந்தப் பக்கம் விடும். புதிதாக வந்திருப்பது இன்னும் ஒரு படி மேல். முழுச் சத்தத்தையும் வாங்கிச் சுருக்கி, தனக்குள்ளேயே வைத்திருக்கும் பவர் ஆம்பால் மறுபடி நமக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு உயர்த்தித் தரும், கொசு அளவுக்கும் வைக்கலாம், தேர்த் திருவிழா அளவுக்கும் வைக்கலாம், ஆம்ப் மட்டும் தன் பாட்டுக்கு உச்சத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும். உலகமே கேட்கிற மாதிரி கத்தி, யாருக்கும் கேட்காமல் கத்துவது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு நிச்சயம் தூங்குகிற மனைவி இருந்திருப்பாள் என்று கிளமென்ட் நினைத்துக்கொண்டான். ஆம்பிலிருந்து வரும் வயரைப் பெட்டியின் பின்பக்கம் சொருகினான், சொருகியதை இழுத்துப் பார்த்தான், இது ஸ்பீக்கர் வயர்தானா, அவசரத்தில் கிட்டார் வயரைச் சொருகிவிட்டோமா என்று விரலால் தடவிப் பார்த்தான், இரண்டுக்கும் ஒரே மூக்கு, மாற்றிச் சொருகினால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும், புகைந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். பவர் சுவிட்சைப் போட்டான். குழாய்கள் சூடாகட்டும். பின்பக்கக் கம்பி வலைக்குள் ஆரஞ்சு நிறம் மெல்லப் பழுத்தது. இந்தக் காத்திருப்பு அவனுக்குப் பிடிக்கும், ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும் நேரம் அது, பூசை தொடங்குமுன் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல, மெழுகு வாசனைக்குப் பதில் இங்கே சூடான தூசி வாசனை. வியாழக்கிழமை என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அதை ஓரமாகத் தள்ளினான்.

வியாழக்கிழமை பர்னபாஸின் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். பர்னபாஸ் ஒரு காலத்தில் இவனோடு மேடையில் கீபோர்டு வாசித்தவன், இப்போது படங்களுக்குப் பின்னணி இசை சேர்க்கிறான், வளசரவாக்கத்தில் சொந்த ஸ்டுடியோ, வாசலில் காவலாளி. போன வாரம் போனில், "மச்சான், உன் பழைய ஆம்ப் இருக்கில்ல, அந்த சவுண்டுதான் டைரக்டருக்கு வேணுமாம், கம்ப்யூட்டர் கிட்டார் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு, நீ வா" என்றான். கிளமென்ட் உடனே சரி என்றான், போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த புஷ்பத்தின் வெள்ளைச் சீருடையைப் பார்த்தபடி நின்றான், சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று நெளிந்தது. கல்யாண வரவேற்புகளில் யாரும் கிட்டாரைக் கேட்பதில்லை, பிரியாணி வாசனை வந்தவுடன் கூட்டம் எழுந்து போய்விடும், அங்கே எப்படி வாசித்தாலும் ஒன்றுதான். ஸ்டுடியோ அப்படியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்னபாஸ் உட்கார்ந்திருப்பான், ஒரு டேக் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். என்ன தெரிந்துவிடும்? ஒன்றுமில்லை. பெட்டி சரியில்லை, அவ்வளவுதான். முதல் பெட்டி ரிச்சி தெருவில் ஒருவரிடம் சொல்லிச் செய்தது, சத்தத்தைக் குறைத்ததோடு சத்தத்தின் மேல் பாகத்தையும் சேர்த்துத் தின்றது, கம்பியின் பளபளப்பு போய் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது. அதைத் தள்ளிவிட்டு வெளிநாட்டுப் பெட்டி வாங்கினான், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான், பிறகு அதிலும் அதே கம்பளி. பெட்டிகள் அப்படித்தான் செய்யும், இது ஊரறிந்த விஷயம், உலகத்தில் எந்த கிட்டார்காரனைக் கேட்டாலும் சொல்வான், அட்டெனுவேட்டர் ட்ரெபிளைத் தின்னும் என்று, சத்தம் குறையக் குறைய மேல் ஸ்தாயி முதலில் மங்கும் என்று. இன்டர்நெட்டில் இதைப் பற்றி விடிய விடிய சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைகளைப் படிக்கும்போது கிளமென்டுக்கு ஒரு நிம்மதி வரும், ஜலதோஷக்காரன் இன்னொரு ஜலதோஷக்காரனைப் பார்த்ததுபோல.

குழாய்கள் சூடானதும், ஆம்பை வாசிப்புக்குத் திறந்துவிடும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டினான். கிட்டாரை மடியில் சாய்த்து, தடித்த கம்பியை விரல் சதையால் வருடினான். பெட்டியின் திருகு முதல் கோட்டில் இருந்தது, ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல வந்தது, ஆனால் முழுசாக வந்தது, கொழுப்போடு, உச்சத்தில் கொதிக்கிற ஆம்பின் அத்தனை முனகலும் ஒரு தம்ளருக்குள் அடங்கி. ஆகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான், உடனே கதவைப் பார்த்தான். கதவு சும்மா இருந்தது. கீழ்க் கம்பிகளில் மெல்ல நடந்தான், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது நெஞ்சுக்குள் இளகியது. ராயபுரம் மாதா கோயில் திருவிழாவில், மழைக்குப் பயந்து தார்ப்பாய் கட்டிய மேடையில், வெள்ளைச் சட்டையும் முடியும் பறக்க நின்றது வந்தது. இடது பக்கம் ரொசாரியோவின் டிரம், ரொசாரியோவின் பித்தளைத் தட்டு சரியாக இவன் காது உயரத்தில், அவன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் உலகம் ஒரு நொடி வெள்ளையாகும், அந்த வெள்ளையை வாங்குவதற்கென்றே இவன் இடது பக்கம் சாய்ந்து நிற்பான். மழைக் காற்று, கடல் உப்பு, வறுத்த கடலை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது காதுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே வரும், இது நமக்கு மட்டும் அடிக்கிற மணிடா என்பான் ரொசாரியோ, இருவரும் சிரிப்பார்கள், விடிந்தால் மணி நின்றிருக்கும். ஒவ்வொரு தடவையும் விடிந்தால் நின்றிருக்கும். நிற்காமல் போன காலை எது என்று யோசித்துப் பார்த்தான், அப்படி ஒரு காலை இருந்திருக்க வேண்டும், காப்பி குடித்து, பல் விளக்கி, பேப்பர் பார்த்து, சாதாரணமாகக் கழிந்திருக்க வேண்டும், அவன் கவனித்திருக்கவில்லை. இப்போதும் உள்ளே அது இருக்கிறதா? கூர்ந்து கேட்டால் இருக்கும். கூர்ந்து கேட்காமலிருக்கத்தான் வாசிப்பது.

மேல் ஸ்தாயி பேசும் மேல் கம்பிக்கு வந்தான், கிட்டார் கழுத்தின் கோடிவரை ஏறினான். அங்கேதான் கம்பளி. மறுபடியும் கம்பளி. இவ்வளவு பெரிய பெட்டி, பெங்களூர்க்காரன் அவ்வளவு சத்தியம் செய்து விற்ற பெட்டி, இதிலுமா என்று எரிச்சலாக வந்தது. மேல் கம்பி டொக்கென்று மரக்கட்டையில் தட்டுவது போல விழுந்து அங்கேயே செத்தது, அதன் பின்னால் வால் போலத் தொடரவேண்டிய மினுமினுப்பைக் காணோம். ஆம்பில் ட்ரெபிள் திருகு பாதிக்குமேல் இருந்தது, இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பாடுகிற பெண் நிவேதா நினைவுக்கு வந்தாள், கீழ்ப்பாக்கம் மண்டபத்தில், நிகழ்ச்சி நடுவில், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கிட்டார் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றாள். அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு, மண்டபம் அப்படி, சுவரெல்லாம் கண்ணாடி என்றான். மண்டபம் அப்படித்தான். பர்னபாஸுக்கு மாதிரிக்கு ஒன்று வாசித்து அனுப்பியபோது அவனும் இதைத்தான் எழுதினான், ட்ரெபிளைக் குறைச்சு அனுப்பு மச்சான், பல் கூசுது என்று. அது இரண்டாவது பெட்டி, அந்தப் பெட்டியின் கோளாறு. ஒரே பெட்டி இவனுக்கு மங்கலாகவும் மற்றவர்களுக்குக் கூர்மையாகவும் எப்படிக் கேட்கும் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கேட்பது போலப் பொறுமையான குரல். கிளமென்ட் அதற்குப் பதில் சொல்லவில்லை. வாத்தியார் கேட்டபோதும் பதில் சொன்னதில்லை, தலையைக் குனிந்துகொண்டால் அடுத்த பையனிடம் போய்விடுவார். இவர் போகவில்லை.

ஜன்னல் கம்பியில் ஒரு அணில் வந்து நின்றது. முன்கால்களை ஊன்றி, உடம்பை விறைத்து, வாலை வெட்டி வெட்டி உதறியது. பூனையை எங்காவது பார்த்திருக்கும். அணில் கத்தும்போதுதான் வால் அப்படித் துள்ளும், ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு துள்ளல், சின்ன வயதில் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்த சத்தம், கல்லெடுத்து எறியத் தோன்றும் சத்தம். அவன் கை கம்பிமேல் அசையாமல் கிடந்தது. அணிலின் வாய் திறந்து மூடியது, வால் துள்ளியது, வாய், வால், வாய், வால், ஒரு பழைய ஊமைப் படம் ஜன்னலில் ஓடுவது போல. அழகாக இருந்தது என்றுதான் முதலில் நினைத்தான். ஜன்னல் சாத்தியிருக்கிறது, அதனால்தான் என்று பிறகு நினைத்தான். திரையின் ஓரம் காற்றில் லேசாக ஊதி அடங்கியதைப் பார்த்ததும், சாத்தியிருந்தால் திரை ஏன் ஊதுகிறது என்று அந்த வாத்தியார் கேட்டார். கிளமென்டுக்குப் பயம் வந்தது. பயம்தான். வேறு பேர் வைத்து அதை மழுப்ப முடியவில்லை, எலும்பு தெரிகிற அளவுக்குச் சுத்தமான பயம். காது போய்க்கொண்டிருக்கிறதோ. மேல் பாகம் மட்டும், ஓரத்திலிருந்து, கறையான் அரிப்பது போல. அப்படியானால் பெட்டி மேல் பழியில்லை, முதல் பெட்டி மேலும் பழியில்லை, ரிச்சி தெருக்காரரிடம் போய் அவ்வளவு பேசினோமே, பாவம், அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எனக்கு நல்லாத்தான் கேக்குது சார் என்றாரே. அப்படியானால் வியாழக்கிழமை. வியாழக்கிழமைக்கு அப்புறம் எல்லாக் கிழமைகளும். கிட்டாரைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது, ஒரு பல்பு மாற்றவே புஷ்பம்தான் நாற்காலியில் ஏற வேண்டும், காதில்லாத கிட்டார்காரனை யார் கூப்பிடுவார்கள், எதற்குக் கூப்பிடுவார்கள், பந்தி பரிமாறவா. டாக்டரிடம் போய் ஒருமுறை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் போகவில்லை. பார்க்காதவரை அது பெட்டியின் கோளாறாகவே இருக்கலாம், நாலாவது பெட்டி, ஐந்தாவது பெட்டி என்று நகர்ந்துகொண்டே போகலாம், விற்பவர்கள் இருக்கிறார்கள், புதுப்புதுப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அணில் போய்விட்டிருந்தது. அது எப்போது போனது என்று அவன் பார்க்கவில்லை.

இல்லை, வெயில் நேரத்தில் மனசு இப்படித்தான் கண்டதை நினைக்கும். ட்ரெபிளை முழுசாகத் திருப்பிப் பார்க்கலாம், இதுவரை முழுசாகத் திருப்பியதில்லை, யாரும் திருப்ப மாட்டார்கள், ஆனால் பெட்டி தின்கிறது என்றால் தின்பதற்கும் சேர்த்துப் போட வேண்டியதுதானே. திருகை வலது கோடிக்குக் கொண்டுபோனான். பக்கத்தில் ப்ரெசென்ஸ் திருகு, அது மேல் ஸ்தாயிக்கும் மேலே ஒரு மினுக்கைத் தூவும் திருகு, அதையும் கோடிக்குக் கொண்டுபோனான். மேல் கம்பியைச் சுண்டினான். கொஞ்சம், ஆமாம், கொஞ்சம் தெரிந்தது, பனிக்குள் ஒரு விளக்கு தெரிவது போல, அது தெரிந்ததா அல்லது தெரிய வேண்டும் என்ற ஆசையா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு மனசில்லை. போதும். இது போதும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக வாசித்தான், பாட்டு என்று ஒன்றுமில்லை, கை போன போக்கு. மேலே போகாமல் நடுவிலேயே, தனக்கு நன்றாகத் தெரிந்த அறைகளுக்குள்ளேயே, அங்கேயெல்லாம் விளக்கு எரிந்தது. பெட்டியின் மேல்பக்கம் கை வைத்தான், இளஞ்சூடாக இருந்தது, வெளியே விடாத சத்தமெல்லாம் உள்ளே சூடாகக் கிடக்கிறது. அவன் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு இரும்பாக இருந்தவர், வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள், அவரும் கத்தித்தான் பதில் சொல்வார், சின்னப் பையனாக இருந்தபோது கிளமென்டுக்கு அது கோபம் என்று தோன்றும், நம் அப்பா எப்போதும் கோபமாகவே இருக்கிறார் என்று. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வருகிற அத்தனை அப்பாக்களும் அந்தக் காலனியில் கோபமாகவே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் பாடும்போது மட்டும் எல்லோரையும் விட ஒரு வரி பிந்திப் பாடுவார், பக்கத்தில் நிற்பவர்கள் முழங்கையால் இடிப்பார்கள், அவர் புன்னகையோடு தொடர்ந்து பாடுவார். அந்தப் புன்னகை இப்போது கண்ணுக்குள் மிகக் கிட்டத்தில் வந்து நின்றது. கிளமென்டின் கை தானாக நின்றது. கம்பிகளை உள்ளங்கையால் மூடினான். கிட்டாரின் வால்யூமை இறக்கினான். சத்தம் ஓய்ந்து, கூடம் நிறைய அமைதி இறங்கியது. தண்ணீர் நிற வெளிச்சம், மின்விசிறியின் தாழ்ந்த முனகல், தூரத்தில் லாரி ஏதோ மேடு ஏறுகிற அதிர்வு, அவ்வளவுதான். எவ்வளவு அமைதி. ஒரு ஆம்ப் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்க, அறையில் ஒரு துளி சத்தமில்லை, ஆயிரம் சொன்னாலும் நல்ல பெட்டிதான் இது, பெங்களூர்க்காரன் வாழ்க. நாற்காலியில் சாய்ந்தான், மிதப்பது போலிருந்தது, கொஞ்ச நேரம் அப்படியே தூங்கிக்கூடப் போயிருப்பான்.

படுக்கையறைக் கதவு திறந்தது. புஷ்பம் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள், கண் சிவந்திருந்தது, நெற்றியில் தலையணையின் கோடு. முடிந்த கையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க அது. எவ்வளவு நேரமா கத்துது. அணைக்க மாட்டீங்களா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கை கம்பிகள் மேல் இருந்தது, கம்பிகள் அசையவில்லை. நான் வாசிக்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கண் ஆம்பின் மேல் நிற்பதைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டான். ட்ரெபிளையும் ப்ரெசென்ஸையும் கோடிக்குத் திருப்பினால் சில பழைய ஆம்புகள் தானாகவே கீச்சிட ஆரம்பிக்கும், யாரும் வாசிக்க வேண்டாம், சும்மா இருந்தாலே ஊசி போல மெல்லிசாக ஒரே ஸ்வரத்தில் கத்திக்கொண்டிருக்கும். அது அவனுக்குத் தெரியும். எத்தனை பேருடைய ஆம்பில் அதைக் கேட்டிருக்கிறான், எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறான். இப்போது காதைத் தீட்டிக் கேட்டான், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கூடம் கிணறு போல அமைதியாக இருந்தது.

"ஆமா ஆமா," என்றான். "புதுப் பெட்டி இல்லையா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். இதோ நிறுத்திடறேன்."

எழுந்துபோய் ஆம்பின் முன்னால் குனிந்தான். திருகுகள் வரிசையாக அவனைப் பார்த்தன. பவரை அணைத்துவிட்டால் ஒரே அடியாக நின்றுவிடும், அதைச் செய்திருக்கலாம், ஏனோ கை அங்கே போகவில்லை. தெரிந்தவன் போல, ஒரு மெக்கானிக்கின் அலட்சியத்தோடு, கைக்கு முதலில் பட்ட திருகைக் குறைத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அது கீழ் ஸ்தாயிக்கான பாஸ் திருகு.

"இன்னும் கத்துதுங்க," என்றாள் புஷ்பம்.

ப்ரெசென்ஸைக் கொஞ்சம் இறக்கினான். இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சுளிப்பு அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான், மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தான். ட்ரெபிளைத் தொட்டு, கண்ணை அவள் மேலிருந்து எடுக்காமலேயே, மெதுவாக, மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் அவள் புருவம் இளகியது. காதைப் பொத்தியிருந்த கை கீழே இறங்கியது.

"நின்னுடுச்சா?" என்றான்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லைத் திருப்பி வாய்க்குள் போட்டுக்கொள்ள வழியில்லை. புஷ்பத்தின் கண்ணிலிருந்த தூக்கம் முழுசாகப் போய்விட்டது. அவள் ராத்திரியெல்லாம் மனிதர்களின் முகத்தைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள். அவன் முகத்தையும் அப்படிப் பார்த்தாள்.

"நின்னுடுச்சான்னு என்னைக் கேக்கறீங்க?"

"இல்ல, சும்மா…" என்றான். மண்டபம், கண்ணாடிச் சுவர், ரிச்சி தெரு, பெங்களூர், எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன, எதை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. "எனக்குக் கேக்கவே இல்ல புஷ்பம்," என்றான். "நீ கதவைத் திறக்கிற வரைக்கும் எவ்வளவு அமைதியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவள் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை, அவன் தோளில் கை வைத்துக்கொண்டு ஆம்பைப் பார்த்தாள். அழுதுவிடுவோமோ என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த ஆசுவாசமும் இருந்தது, வியாழக்கிழமையை நினைத்தால் அந்த ஆசுவாசம் உடனே கசந்தது.

"திரும்ப வைங்க," என்றாள்.

"என்னத்தை?"

"அந்தத் திருகை. பழையபடி கொண்டு போங்க, மெதுவா. எனக்குக் கேக்க ஆரம்பிச்சதும் விரலைத் தூக்கறேன். உங்களுக்குக் கேட்டா நீங்க சொல்லுங்க. எதுவரைக்கும் கேக்குது, எது கேக்கலைன்னு முதல்ல நாம பாத்துடுவோம். அப்புறம் நாளைக்கு டாக்டரைப் பாப்போம், பர்னபாஸ் அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

அவன் ட்ரெபிள் திருகில் இரண்டு விரலை வைத்தான். வேர்வையில் வழுக்கியது, லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். பாதியிலிருந்து மேலே, மயிரிழை மயிரிழையாக, குழந்தையின் நகம் வெட்டுகிறவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான், திருப்பத் திருப்ப எல்லாக் கவனத்தையும் காதுக்குக் கொண்டுபோனான், ஒரு சின்னக் கீற்று போதும், ஒரு கொசு போதும், மாதாவே, ஒரு கொசு போதும் என்று வேண்டிக்கொண்டே திருப்பினான். பக்கத்தில் புஷ்பத்தின் ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழுந்தது. அவன் திருகை அங்கேயே நிறுத்தினான். அவள் விரலை இறக்கவில்லை. அது அப்படி நிமிர்ந்து நின்ற நேரம் முழுக்க கிளமென்டுக்கு மின்விசிறி சுற்றுவது மட்டும்தான் கேட்டது.